அம்மாவின் இடது கைக்கு வாங்கிய காற்றுக் கையுறை: ஆறு மாதம் கழித்து

பொருள், பக்கவாதம் வந்தவர்களின் விரலைக் காற்றடித்து விரிக்கவும் மடக்கவும் வைக்கும் கையுறை. விலை 389 ரிங்கிட், அனுப்பும் செலவு தனி. கைப்பேசியில் பார்த்து வாங்கியது. மாட்டிக்கொண்டவர் என் அம்மா, வயது 67. எழுதுகிற நான் மலேசியாவில், சுங்கை சிப்புட் ஊரில் கைப்பேசி ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன்.

வாங்குவதற்கு முன் அந்தப் பக்கத்தில் கிடந்த விமர்சனங்களை எல்லாம் படித்தேன். 'சீக்கிரம் வந்தது', 'பெட்டி நசுங்கவில்லை', 'நன்றி பாஸ்'. கை என்ன ஆனது என்று ஒருவரும் எழுதவில்லை. பெட்டியைப் பிரித்த அன்றைக்கே ஐந்து நட்சத்திரம் போட்டால் அப்படித்தான் இருக்கும். அதனால் ஆறு மாதம் பொறுத்து எழுதுகிறேன்.

அம்மா 31 வருஷம் தோட்டத்தில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டியவள். எங்கள் பக்கத்துத் தோட்டங்கள் இப்போது பெரும்பாலும் செம்பனை. தோட்டத்து லயத்து வீடு போய் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்தும் பல வருஷம் ஆயிற்று. ஆனாலும் காலை நாலரைக்கு அவளுக்கு விழிப்பு வந்துவிடும், பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகிற நேரம். போன தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அப்படி எழுந்தவள்தான் இடப்பக்கமாகச் சரிந்தாள். அடைப்பு மூளையின் வலப்பக்கம். மூளையிலிருந்து தசைக்கு இறங்கும் நரம்புகளில் பெரும்பாலானவை கழுத்துக்கு மேலேயே பக்கம் மாறிவிடுகின்றன. வலது மூளையில் அடி விழுந்தால் இடது கைதான் போகும்.

வார்டில் மூன்றாம் நாள் மிஸ்ஸியை (நர்ஸை) கூப்பிட்டு, "இது யாரு கைம்மா, என் நெஞ்சு மேல போட்டுட்டுப் போயிட்டாங்க, எடுத்து விடு" என்றாள். காட்டியது அவளுடைய இடது கையை. எனக்கு அடிவயிறு கலங்கியது. மிஸ்ஸி அசரவில்லை. வலது மூளை அடைப்பில் சில பேருக்கு இப்படி வரும், பெரும்பாலும் தானே போய்விடும் என்றார். இரண்டு வாரத்தில் போய்விட்டது. அதன் பிறகு அம்மா சொன்னது வேறு: "என் கைதான்டா. ஆனா நான் சொன்னா கேக்காது."

கை என்னுடையது என்பது ஒன்று, அதை அசைத்தது நான் என்பது இன்னொன்று. மூளை இரண்டையும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறது. அம்மாவுக்கு முதலாவது திரும்பி வந்தது, இரண்டாவது வரவில்லை. இந்த விமர்சனம் முழுக்க அந்த இரண்டாவதைப் பற்றித்தான்.

பெட்டியில் இருந்தவை: இடது கைக்கு ஒரு கையுறை, ஒவ்வொரு விரலின் முதுகிலும் அக்கார்டியன் மாதிரி மடிப்பு வைத்த காற்றுப்பை, அதிலிருந்து ஐந்து மெல்லிய குழாய், தீப்பெட்டிக் கட்டு அளவில் ஒரு பம்ப், வலது கைக்கு விரல் மடிப்பதை உணரும் மெல்லிய கையுறை ஒன்று, ஒரு சார்ஜர். பம்ப் ஓடினால் மீன்தொட்டிச் சத்தம். அம்மா முதல் வேலையாகக் குழாயை மூக்கருகில் வைத்து மோந்து பார்த்தாள். "இது ரப்பர் இல்ல, பிளாஸ்டிக்கு." 31 வருஷ அனுபவம் பேசியது.

அளவு விஷயத்தில் ஏமாறாதீர்கள். மணிக்கட்டைச் சுற்றி அளக்கச் சொல்கிறார்கள், ஆனால் உளி பிடித்த கைக்கு முட்டி பெரியது. எம் அளவு விரல் நுனிவரை இறங்கவே இல்லை. எல் வரவழைக்க மூன்று வாரம் ஆயிற்று, எம் என்னிடமே தங்கிவிட்டது. அதற்கான தபால் காசும் என்னுடையது. விற்றவருக்கு நான் அனுப்பிய ஏழு செய்தியில் இரண்டுக்குத்தான் பதில்.

முதல் ஆறு வாரம் நாங்கள் பயன்படுத்தியது தானாக ஓடும் முறை. பொத்தானை அழுத்தினால் கை விரியும், மடங்கும், விரியும், மடங்கும். இருபது நிமிஷம். அம்மா டிவி நாடகம் பார்ப்பாள், கை மடியில் கிடந்து தன் பாட்டுக்கு ஆடும். ஒருநாள் நாடகத்தில் அழுகைக் காட்சி. வலது கையால் கண்ணைத் துடைக்கிறாள், இடது கை அவளுக்குச் சம்பந்தமில்லாத மாதிரி ஒருவருக்கு டாட்டா காட்டிக்கொண்டிருக்கிறது. எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன். "நல்லாத்தான் செய்யுது அது" என்றாள்.

அந்த 'அது' எனக்கு உறுத்தியது. கடையை மூடியபின் படிக்க ஆரம்பித்தது அதனால்தான். மொன்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்டு என்ற மூளை அறுவை மருத்துவர் இருந்தார். நோயாளி விழித்திருக்கும்போதே மூளையின் மேற்பரப்பில் மின்சாரம் கொடுத்துப் பார்த்தவர். கையை இயக்கும் பகுதியைத் தொட்டால் கை அசையும். நோயாளி என்ன சொல்வார் தெரியுமா? நான் அசைக்கவில்லை, நீங்கள்தான் அசைத்தீர்கள் என்பார். அதே கை, அதே தசை, ஆனால் 'நான்' இல்லை. எங்கள் வீட்டு சோபாவில் நடந்தது அதுதான், மின்சாரத்துக்குப் பதில் காற்று.

2003-இல் ஒரு ஜெர்மானியக் குழு, உடம்பு நன்றாக இருப்பவர்களை வைத்தே இதைச் சோதித்திருக்கிறது. மணிக்கட்டைத் தானே அசைத்துப் பழகியவர்கள், மணிக்கட்டை இன்னொன்று அசைத்துவிடச் சும்மா இருந்தவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். அசைவு மட்டும் போதாது, அசைக்க வேண்டும் என்ற உந்துதல் உள்ளிருந்து கிளம்ப வேண்டும். தானாக ஓடும் முறையால் மூட்டு இறுகாமல் இருக்கும், வீக்கம் கொஞ்சம் வடியும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 389 ரிங்கிட் அதற்காகக் கொடுக்க வேண்டியதில்லை. நீங்களே விரலைப் பிடித்து நீவிவிடலாம்.

பிசியோ மருத்துவமனையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. அங்கிருந்த மலாய்ப் பெண் அம்மா கையைத் தொடுவதே இல்லை. எதிரே உட்கார்ந்து, "சூபா மாக்சிக், சூபா" என்பார். முயற்சி பண்ணுங்க பெரியம்மா, அவ்வளவுதான். கை அசையாது. மறுபடியும் சூபா. வேலை செய்யாமல் பேசிக்கொண்டே இருக்கிறாரே என்று அப்போது நினைத்தேன். இப்போது அவர்மேல் பெரிய மரியாதை.

ஏழாவது வாரம் கண்ணாடி முறைக்கு மாறினோம். வலது கையில் மெல்லிய கையுறை, இடது கையில் காற்றுக் கையுறை. வலது கையை மடக்கினால் இடது கையும் மடங்கும். இந்த யோசனைக்கு மூலம் ஒரு சாதாரணக் கண்ணாடி. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிபோர்னியாவுக்குப் போன வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் செய்தது. கை துண்டான பிறகும் அந்தக் கை வலிக்கிறது என்பவர்களுக்காக ஒரு பெட்டியில் கண்ணாடியை நிறுத்தி, நல்ல கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி வைத்தார். 1999-இல் அவரும் சேர்ந்த ஒரு குழு பக்கவாதக்காரர்கள் 9 பேருக்கு அதே கண்ணாடியை வைத்துப் பார்த்தது. நம்ம ஆள் என்று அம்மாவிடம் சொன்னேன். "அப்ப கண்ணாடிய வாங்கியிருக்கலாமேடா, பாசார்ல பத்து வெள்ளி" என்றாள். நியாயம்தான். உண்மையிலேயே கையில் காசு இல்லாதவர்கள் முதலில் பிசியோவைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியில் ஆரம்பிக்கலாம்.

முதல் நாள் கண்ணாடி முறையில் அம்மா முகம் மாறியது. வலது கையை மடக்கினாள். இடது கை மடங்கியது. ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தாள். பிறகு, "இது பின்னாலேயே வருதுடா" என்றாள். அடுத்த நாள் மாலை, பேட்டரி இறங்கிய நேரத்தில் போட்டபோது, "இன்னிக்கு என் பேச்சக் கேக்கல, இழுக்குது" என்றாள். பேட்டரியைக் காட்டும் விளக்கு அவள் பக்கம் இல்லை. அவளுக்கு அது தெரிய வழியே இல்லை.

இது என் தொழில். திரையில் தொட்டபின் எத்தனை நேரம் கழித்து பதில் வருகிறது என்பதை வைத்தே பாதி நோயைக் கண்டுபிடிப்பேன். கைப்பேசியை முக்காலியில் நிறுத்தி, விநாடிக்கு 240 படம் எடுக்கும் முறையில் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்தேன். வலது ஆள்காட்டி விரல் அசையத் தொடங்கிய படத்திலிருந்து இடது விரல் அசைந்த படம்வரை எண்ணினேன். முழுச் சார்ஜில் 84 படம், அதாவது சுமார் 350 மில்லி விநாடி. சார்ஜ் இறங்கியபோது 150 படம், அரை விநாடிக்கும் மேலே.

ஏன் இது முக்கியம்? லண்டனில் சாரா-ஜேன் பிளேக்மோர், டேனியல் வோல்பர்ட், கிறிஸ் ஃபிரித் மூவரும் சேர்ந்து 1999-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். இடது கையால் ஒரு ரோபோ கையை ஆட்ட வேண்டும். அது வலது உள்ளங்கையில் பஞ்சு மாதிரி ஒன்றால் தடவும். ஆட்டியவுடனே தடவினால் கூச்சம் குறைவு, ஏனென்றால் தன்னைத் தானே கிச்சுக்கிச்சு மூட்டிக்கொள்ள முடியாது. நடுவில் 100, 200, 300 மில்லி விநாடி என்று தாமதம் வைக்க வைக்கக் கூச்சம் கூடிக்கொண்டே போனது. தாமதம் கூடக் கூட, தடவுவது இன்னொருவர் மாதிரி ஆகிவிட்டது. என் அம்மா மடியில் கிடந்த பெட்டியும் கிட்டத்தட்ட அதே ரோபோதான்.

அவர்கள் சொல்லும் விளக்கம் இது. மூளை கைக்குக் கட்டளை அனுப்பும்போது அதன் நகல் ஒன்றைத் தனக்கே வைத்துக்கொள்கிறது. அந்த நகலை வைத்து, இன்ன நேரத்தில் இன்ன உணர்வு வரும் என்று கணக்குப் போடுகிறது; அதில் சிறுமூளைக்குப் பெரிய பங்கு. வந்த உணர்வும் போட்ட கணக்கும் ஒத்துப்போனால் 'நான்'. ஒத்துப்போகாவிட்டால் 'அது'.

அம்மாவுக்கு இதை விளக்க நான் படாத பாடுபட்டேன். அவள்தான் எனக்கு விளக்கினாள். "இருட்டுல தலைவிளக்கப் போட்டுக்கிட்டு வெட்டுறப்ப, உளி பட்டையில படறதுக்கு முன்னாடியே கைக்குத் தெரியும்டா. வலது கை இழுக்கும், இடது கை வழி காட்டும். தெரிஞ்ச மாதிரியே பட்டா ஒண்ணும் தோணாது, மனசு வீட்டு நெனப்புல போயிட்டிருக்கும். முடிச்சு ஒண்ணு தட்டுச்சுன்னாதான் திக்குனு இருக்கும். மரத்துல காயம் பட்டா மண்டோர் (கங்காணி) வாய் வேற." கணக்கு ஒத்துப்போகிறவரை கை இருப்பதே தெரியாது. தவறும்போதுதான் தெரியும். மூன்று இரவு நான் படித்ததை அவள் மூன்று வரியில் முடித்துவிட்டாள்.

பெட்டியைத் திறந்தேன். உத்தரவாதம் அப்போதே போயிற்று, நீங்கள் செய்ய வேண்டாம். தாமதம் மூன்று இடத்தில் வருகிறது. வலது கையுறையில் இருப்பது மடிப்புக்கு ஏற்ப மின்தடை மாறும் பட்டை. அது பாதி மடிந்த பிறகுதான் பெட்டி விழிக்கிறது. அடுத்து மோட்டார் வேகம் பிடிக்க வேண்டும். அதன் பிறகு குழாய் முழுக்கக் காற்று நிரம்ப வேண்டும். முதல் இரண்டையும் நான் தொடவில்லை. குழாய் 110 சென்டிமீட்டர் இருந்தது, அதை 45-க்கு வெட்டினேன். பெட்டியை அம்மாவின் மேல்கையில் பட்டையால் கட்டினேன். மறுபடி எண்ணினால் 52 படம், ஏறத்தாழ 220 மில்லி விநாடி. அம்மாவிடம் எதுவும் சொல்லாமல் போட்டுவிட்டேன். மூன்றாவது தடவை மடக்கியதும், "இப்ப நான்தான்டா செய்றேன்" என்றாள்.

அம்மாவின் கணக்கு இதுதான். 220 வரை 'நான்', 350-இல் 'பின்னாலேயே வருது', 600-ஐத் தாண்டினால் 'இழுக்குது'. ஒரே ஒரு அம்மாவின் கணக்கு, எல்லோருக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் இந்த மாதிரிப் பொருளை விற்கிறவர்கள் எத்தனை கிலோ இழுவிசை, எத்தனை பயிற்சி முறை, எத்தனை வண்ணம் என்றெல்லாம் போடுகிறார்கள். தாமதம் எவ்வளவு என்று ஒருவரும் போடுவதில்லை. வாங்கும்போது அதைத்தான் கேளுங்கள். அவர்களுக்குத் தெரியாது என்றால், கைப்பேசியில் மெதுவாக ஓடும் படம் ஒன்று எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இதில் ஒரு பொய்யும் ஒளிந்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஒருநாள் வலது கையுறையின் வயர் கழன்று கிடந்தது. நான் கவனிக்காமல் தானாக ஓடும் முறையைத் தட்டிவிட்டேன். அம்மா மடக்கலாம் என்று நினைத்த நேரமும் பம்ப் கிளம்பிய நேரமும் ஒன்றாக விழுந்துவிட்டன. "பாத்தியா, எவ்ளோ சுளுவா வருது!" என்று பெருமையோடு என்னைப் பார்த்தாள். அவளுக்கும் அந்த அசைவுக்கும் சம்பந்தமே இல்லை. அமெரிக்காவில் டேனியல் வெக்னரும் தாலியா வீட்லியும் 1999-இல் காட்டியது இதைத்தான். ஒரு எண்ணம் வந்த கையோடு அதற்கு ஏற்ற செயல் ஒன்று நடந்துவிட்டால், செய்தது வேறொருவராக இருந்தாலும் நாமே செய்ததாக மனசு எடுத்துக்கொள்ளும். நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குச் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து வாரத்துக்கு ஒருநாள் கையுறை இல்லாமல் சோதித்துப் பார்ப்பதை வழக்கமாக்கினேன். 'நான்தான் செய்றேன்' என்ற உணர்வு வருவதால் தசை தேறிவிட்டது என்று அர்த்தமில்லை. அந்த உணர்வால் அம்மா சலிக்காமல் உட்கார்ந்து முயற்சி செய்தாள். முன்பு இருபது நிமிஷத்துக்குக் கொட்டாவி விட்டவள், இப்போது நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தமாட்டாள்.

மூளையில் இதெல்லாம் எங்கே நடக்கிறது என்று கேட்பவர்களுக்கு: ஒரே இடத்தில் இல்லை. உச்சந்தலைக்குக் கீழே, நடுப்பக்கமாக எஸ்எம்ஏ (துணை இயக்கப் பகுதி) என்று சுருக்கிச் சொல்லும் பகுதியில் லேசாக மின்சாரம் கொடுத்தபோது, கையை அசைக்க வேண்டும் போல ஓர் உந்துதல் வருவதாக நோயாளிகள் சொன்னதை இட்சாக் ஃபிரீட் குழு 1991-இல் எழுதியது. 2009-இல் மிஷெல் தெமுர்ஜே என்ற பிரெஞ்சுக்காரரின் குழு 7 பேரிடம் கண்டது இன்னும் விசித்திரம். தலையின் பின்பக்கமாக உள்ள பரைட்டல் பகுதியைத் தூண்டினால் அசைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. கொஞ்சம் கூட்டினால், அசையாத கையை அசைத்துவிட்டேன் என்கிறார்கள். முன்பக்கம் தூண்டினால் கை நிஜமாகவே அசைகிறது, ஆனால் அவர்களுக்கு அது தெரியவே இல்லை. 2018-இல் இன்னொரு குழு, அடைப்பு அல்லது காயத்தால் அசையவும் பேசவும் உந்துதலே இல்லாமல் போன 28 பேரையும், கை தன் இஷ்டத்துக்கு அலையும் 50 பேரையும் எடுத்துக்கொண்டது. காயங்கள் ஆளுக்கு ஒரு இடத்தில். ஆனால் முதல் கூட்டத்தின் காயங்கள் எல்லாம் மூளையின் முன்பக்க சிங்குலேட் பகுதியோடு தொடர்புள்ள வலைப்பின்னலில் விழுந்தன. இரண்டாம் கூட்டத்தின் காயங்கள் பின்பக்கத்தில் பிரிகூனியஸ் என்ற பகுதியோடு தொடர்புள்ள வலைப்பின்னலில். வேண்டும் என்பதற்கு ஒரு வலை, நான்தான் என்பதற்கு இன்னொரு வலை. கைப்பேசியிலும் இப்படித்தான்: போர்டு முழுக்க நன்றாக இருந்தும் ஒரு லைன் அறுந்தால் திரை இருட்டாகிவிடும், அப்போது திரையை மாற்றிப் பிரயோஜனமில்லை. கடைக்கு வருகிற யாரும் இதை நம்பமாட்டார்கள்.

குறைகளைச் சீக்கிரமாகச் சொல்லிவிடுகிறேன். நம்ம ஊர் புழுக்கத்துக்குக் கையுறையின் உள்ளே வேர்த்துவிடும், இரண்டாவது மாதமே பூஞ்சை வாசம். சுண்டுவிரல் காற்றுப்பை நாலாம் மாதம் பிளந்தது, சைக்கிள் டியூப் ஒட்டும் பசையால் ஒட்டினேன். ஒட்டுப்பட்டை மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. விளக்கப் புத்தகத்தின் மலாய் யாரோ மெஷினை வைத்துப் பெயர்த்தது, அம்மா அதைச் சத்தமாகப் படித்துச் சிரிப்பாள். தமிழ் இல்லை. சார்ஜ் முழுசாக நாற்பது நிமிஷம்கூட வருவதில்லை. பாதிக்குக் கீழே இறங்கினால் நான் போடவே விடுவதில்லை, காரணம் மேலே சொன்னதுதான்.

பலன்? மருத்துவமனைப் பிசியோ, கையுறை, வீட்டில் நீவுவது எல்லாம் சேர்த்துத்தான் சொல்கிறேன், கையுறைக்கு மட்டும் பெயர் கொடுக்கமாட்டேன். இன்றைக்குக் கையுறை இல்லாமல் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மூடும். பிடித்ததை விடுவது இன்னும் கஷ்டம். கடைசி இரண்டு விரலும் தூங்குகின்றன.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. சாமி மாடத்தில் திருநீறு வைத்திருப்பது பழைய பீங்கான் மங்கில். ஒரு காலத்தில் ரப்பர் பால் பிடித்த மங்கு. அம்மா வலது கையில் சூடத்தட்டை வைத்திருந்தாள். பேத்தி நெற்றியை நீட்டிக்கொண்டு நின்றாள். அம்மா இடது கையை நீட்டி மங்கின் விளிம்பைப் பிடித்துத் தன் பக்கம் நகர்த்தினாள். இரண்டு அங்குலம் இருக்கும். அவளுக்கு அது தெரியவே இல்லை. நான் கத்தினேன். அவள் திடுக்கிட்டு, "என்னடா?" என்றாள். "கை!" என்றேன். கையைப் பார்த்தாள். மறுபடி செய்யச் சொன்னேன். முகம் சிவக்க முயன்றாள், விரல் அசையவில்லை. மங்கு கைக்குச் சொன்னதை மகன் சொன்னால் கை கேட்கவில்லை. நான் கத்தியிருக்கக்கூடாது. பேத்திக்கு இன்னும் விபூதி வரவில்லை என்று அம்மா என்னைத் திட்டினாள்.

அதன்பின் கையுறைப் பயிற்சியில் ஒரு மாற்றம். வெறும் கையை மடக்கச் சொல்வதில்லை. முன்னால் மங்கை வைத்துவிடுவேன்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். குழாய் வெட்டுவதற்கு முன் கேட்டிருந்தால் ஒன்று. கண்ணாடி முறை இல்லாத, தானாக மட்டும் ஓடும் 150 ரிங்கிட் மாடல்களுக்கு ஒன்றும் கிடையாது. கை சுத்தமாக இறுகிப்போனவர்கள், தோலில் உணர்வே இல்லாதவர்கள் பிசியோவைக் கேட்காமல் போடவேண்டாம், எங்கே அழுத்துகிறது என்று தெரியாமல் தோல் புண்ணாகிவிடும். வாங்குவதற்கு முன் போட்டுப் பார்க்க வேண்டும் என்றால் ஈப்போவரை அலைய வேண்டாம். எம் அளவு கையுறை ஒன்று என் கடையில் இன்னும் சும்மா கிடக்கிறது. சிறிய கையாக இருந்தால் சரியாக இருக்கும். செவ்வாய்க்கிழமை கடை இல்லை, அன்றைக்கு மருத்துவமனைக்குப் போய்விடுவோம்.